ஜான்சன் பெயரைக் கண்ணாடியில் எழுத வேண்டாம்

மேடையில் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் எங்கள் முதலாளி கமலாட்சி அம்மா அவர்களே, விற்பனைப் பிரிவின் தலைவர் பூவராகவன் அவர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் ஜான்சனின் துணைவியார் ஏஞ்சல் அம்மா அவர்களே, தறிக்காரர்களே, சாயப்பட்டறைத் தோழர்களே, கடைப் பிள்ளைகளே, காந்தி ரோட்டின் மற்றப் பட்டுக் கடைகளிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் லிஃப்ட்காரன் சிட்டிபாபுவின் வணக்கம்.

நம்முடைய கட்டடப் பராமரிப்பு மேலாளர், மின்சாரத்தின் காவலர், மாண்புமிகு ஜான்சன் அவர்கள் மறைந்துவிட்டார். 'மாண்புமிகு' என்பது மந்திரிகளுக்குப் போடுவது என்று நம் புடவைப் பிரிவுக் கலைவாணி சொன்னாள். அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டி எழுதி முடிக்க எனக்கு ஒரு டீ ஆறிப்போகிற நேரம் ஆயிற்று. அடிக்க மனம் வரவில்லை. எந்த மந்திரி நம் கடைக்கு வந்து கக்கூஸ் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்தார்? ஜான்சன் பார்த்தார். ஆகவே மாண்புமிகு இருக்கட்டும்.

முதலில் ஒரு சின்ன வேண்டுகோள். அவர் படத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சீரியல் பல்பை யாராவது நிறுத்துங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்று ஓடுவது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்துக்குள் அவர் முகம் சுளிப்பது போல எனக்குத் தோன்றுகிறது. நன்றி தம்பி.

இரண்டாவது வேண்டுகோள் பெரியது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை சென்னையிலிருந்து கண்ணாடிக்காரர் அளவெடுக்க வருகிறார். நாம் கூடியிருக்கும் இந்தக் கடையின் மேற்குச் சுவரை இடித்துவிட்டு, தரையிலிருந்து மூன்றாம் மாடி வரைக்கும் முழுக்கக் கண்ணாடி பதிக்கப் போகிறார்கள். தீபாவளிக்குள் முடித்து, அதன் மேல் தங்க எழுத்தில் 'ஜான்சன் நினைவு முகப்பு' என்று எழுதப் போவதாக நேற்று முதலாளி அம்மா அறிவித்தார்கள். அழுதுகொண்டே அறிவித்தார்கள். நாமும் அழுதுகொண்டே கை தட்டினோம்.

பெரியோர்களே, நாம் எதற்குக் கை தட்டினோம் தெரியுமா? அந்தக் கண்ணாடி வரக் கூடாது என்பதற்காகத்தான் ஜான்சன் தம் கடைசிச் சனிக்கிழமை வரை சண்டை போட்டார்! சிகரெட்டே தொடாத மனிதருக்குச் சிகரெட் கடை வாசலில் சிலை வைக்கலாமா? அம்மா அவர்களே, அந்தக் கண்ணாடிக்காரரைத் திருப்பி அனுப்புங்கள். அதைக் கேட்கத்தான் நான் இந்த மேடைக்கு ஏறினேன். இனி என் நண்பரைப் பற்றிச் சொல்கிறேன்.

யார் இந்த ஜான்சன்? வாலாஜாபாத் பக்கத்தில், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தின் மகன். மின்சாரம் படித்தார். சென்னையில் பெரிய பெரிய கட்டடங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவரை நம் கடைக்கு யார் வரவழைத்தது? வெளிநாட்டில் நம் பட்டுத் துப்பட்டாக்களை வாங்குகிற ஒரு கம்பெனி. அவர்கள் ஒரு நாள் கேட்டுவிட்டார்கள்: உங்கள் கடையும் பட்டறையும் எவ்வளவு கரிப்புகை விடுகின்றன? அதைக் குறைத்தால்தான் இனிமேல் சரக்கு எடுப்போம்.

ஜான்சன் வந்து ஒரு வாரம் கட்டடம் முழுக்கச் சுற்றினார். பிறகு முதலாளி அம்மாவிடம் போய்ச் சொன்னார்.

"அம்மா, நம்ம கடை நெறைய புகை விடுதும்மா."

"எங்கப்பா? ஒரு அடுப்பு கூட கெடயாதே இங்க!"

"கண்ணுக்குத் தெரியாது. ஆனா விடுதும்மா. கொறைக்கணும்."

மறுநாள் காலை கடையில் சாம்பிராணி போடவில்லை. அதற்கு மறுநாளும் போடவில்லை. ஏகாம்பரநாதர் படத்துக்கு ஊதுவத்தி கூட இல்லை. யாருக்கும் காரணம் தெரியவில்லை. முதலாளி வீட்டில் ஏதோ துக்கம் என்று பேசிக்கொண்டோம். வெள்ளிக்கிழமைதான் அம்மா என்னிடம் காரணத்தைச் சொன்னார்கள். அன்றே ஜான்சன் லிஃப்டில் ஏறினார். என்னை அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா நைனா, கடையில வாசனையே காணோம்?"

"நீதானேப்பா புகைய கொறைக்கச் சொன்ன. அம்மா சாம்பிராணிய நிறுத்திட்டாங்க."

அன்று லிஃப்ட் மேலே போய்ச் சேரும் வரை கூட அவருக்குப் பொறுமை இல்லை. முதல் மாடியிலேயே கதவைத் திறக்கச் சொல்லிப் படியில் ஓடினார்.

"அம்மா, அந்தப் புகை இல்லம்மா! நம்ம லைட்டு எரியுது, ஏசி ஓடுது. அதுக்குக் கரண்டு எங்கியோ நெலக்கரிய எரிச்சி வருது. புகை அங்க வருது. பேரு நம்ம பேரு!"

"அப்போ ஒரு வாரமா சாமிக்குப் போடாம இருந்தேனே, அது?"

"அத... சாமிகிட்ட நான் சொல்லிக்கறேம்மா."

"உன் சாமி வேற, என் சாமி வேற. நீ இன்னாத்த சொல்லுவ?"

அன்று சாயங்காலம் ஒரு வாரத்துக்கும் சேர்த்துச் சாம்பிராணி போட்டார்கள். எதிர்க் கடைக்காரர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யப் போனதாகக் கேள்வி. அவரும் இங்கே வந்திருக்கிறார். தலையைக் குனிந்துகொள்கிறார். நன்றி ஐயா, அக்கறையோடுதானே செய்தீர்கள்.

ஜான்சன் எதையும் சட்டென்று பிடுங்க மாட்டார். நின்று பார்ப்பார். ஒரு நாள் முழுக்கக் கடை வாசலில் நின்றார். நம் ஊரில் பட்டு எடுக்க வருகிறவர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். புடவை பிடித்துவிட்டால் உடனே வாங்க மாட்டார்கள். "இருங்க, வெளிச்சத்துல பாத்துட்டு வரேன்" என்று தெருவுக்கு எடுத்துப் போவார்கள். கூட நாலு பேர் போவார்கள். அவர்கள் போகிற வரை கதவு திறந்திருக்கும், வருகிற வரை திறந்திருக்கும். உள்ளே இருக்கிற குளிர் எல்லாம் அவர்களோடு வெளியே போய்விடும். சித்திரை வெயிலில் நம் வாசற்படியில் படுத்திருக்கும் நாய்க்கு உடம்பு நடுங்கும்.

"நைனா, நாம புடவைக் கடை நடத்தல," என்றார் ஜான்சன். "காந்தி ரோட்டுக்கு ஏசி போட்டுக்கினு இருக்கோம்."

பூவராகவன் சாருக்கு அப்போது கோபம் வந்தது. சார், நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பி எழுதியிருக்கிறேன். அவர் கேட்டார்: "சரிகை மின்னணும்னா லைட்டு வேணும். லைட்டு சூடு தெரியாம இருக்கணும்னா ஏசி வேணும். ஏசி நிக்கணும்னா கதவ மூடணும். கதவ மூடினா பொம்பளைங்க புடவையக் கீழ வெச்சிட்டுப் போயிடுவாங்க. இதுல நீ எதப்பா நிறுத்துவ?"

"எதையும் நிறுத்தல சார். ஜன்னல தொறக்கறேன்."

"எந்த ஜன்னலு?"

எந்த ஜன்னல்! நம் எல்லாருக்கும் மறந்து போயிருந்தது. முதல் மாடியில் வடக்குச் சுவரில் பெரிய ஜன்னல்கள் இருந்தன. அழகுக்காக அவற்றின் மேல் பலகை அடித்து, பலகையின் மேல் ஒரு மயில் படம் ஒட்டி, மயிலுக்கு மட்டும் தனியாகப் பன்னிரண்டு விளக்கு போட்டிருந்தோம். ஜான்சன் பலகையைக் கழற்றினார். வடக்கு வெளிச்சம் உள்ளே வந்தது. வடக்கில் வெயில் அவ்வளவாக அடிக்காது, வெளிச்சம் மட்டும் வரும். பாதி விளக்குகள் தேவையில்லாமல் போயின. விளக்கு குறைந்ததும் சூடு குறைந்தது. சூடு குறைந்ததும் ஏசி குறைந்தது. "மயிலு போச்சே!" என்று பூவராகவன் சார் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் நாளே சின்ன காஞ்சிபுரத்திலிருந்து அங்கம்மாள் என்று ஒரு அம்மா பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வந்தார். மாம்பழ நிறத்தில் ஒரு புடவை. கையில் எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

"வெளிச்சம் இங்கியே வருதும்மா," என்று கலைவாணி ஜன்னலைக் காட்டினாள்.

அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"இன்னாம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? வெளிச்சம் பாக்கற சாக்குலதான் பக்கத்துக் கடையில வெல கேட்டுக்கினு வருவேன்!"

புடவை விற்றது. பக்கத்துக் கடைக்கு யாரும் விலை கேட்கப் போகாததால் அந்த மாதம் எல்லாப் புடவையும் நன்றாக விற்றது. பூவராகவன் சார் மயிலைப் பற்றிப் பேசுவதை அன்றோடு விட்டார்.

இப்படி ஒன்றா, இரண்டா? சாயப்பட்டறையின் கூரையில் வெயிலில் தண்ணீர் சூடாகும் தொட்டி வைத்து, அந்தத் தண்ணீரைக் கொதிகலனுக்கு விட்டார். விறகு பாதியாகக் குறைந்தது. வெயிலில் காய்ந்த தண்ணீரில் அரக்குச் சாயம் பிடிக்காது என்று பட்டறைக்காரர்கள் சத்தியம் செய்தார்கள். பிடித்தது! மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் கண் கூசுகிறது என்று குடை பிடித்துக்கொண்டு துணி காயப் போட்டார். நம் மூன்றாம் மாடி குளிர்ந்தது!

ஆனால் மாண்புமிகு ஜான்சன் அவர்களும் ஒரு இடத்தில் தோற்றார். சொல்லால் தோற்றார்.

கடையில் அறுபது பேர் வேலை செய்கிறோம். யாரும் போகும்போது சுவிட்சை நிறுத்துவதில்லை. ஆகவே எல்லாச் சுவிட்சுப் பலகையிலும் ஒரு அட்டை ஒட்டினார். நான் அப்போது மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய சமயம். கண்ணில் படுவதை எல்லாம் படிப்பேன். பஸ்ஸின் பின்புறத்தைப் படிப்பேன், பிஸ்கட் உறையைப் படிப்பேன். லிஃப்ட் வாசலில் இருந்த அட்டையையும் படித்தேன். 'போ-கு-ம்-போ-து அ-ணை-க்-க-வு-ம்.' படித்து முடித்தபோது எனக்கு வேர்த்துவிட்டது.

"ஜான்சா, யாரைப்பா அணைக்கணும்?"

அவர் சிரித்த சிரிப்பில் லிஃப்ட் ஆடியது. "லைட்ட அணைக்கணும் நைனா! லைட்ட!"

"அத எழுதக் கூடாதா? கலைவாணி ஒரு வாரமா என்னப் பாத்தா படியில எறங்கி ஓடுது."

ஆனால் முதலாளி அம்மாவுக்கு வந்த கோபம் வேறு. "லட்சுமி வர்ற எடத்துல வௌக்க அணைன்னு எழுதி வெப்பாங்களாப்பா? எங்க வூட்டுல அந்த வார்த்தைய சொன்னா வாயில போடுவாங்க. வௌக்கக் குளிர வைன்னுதான் சொல்லணும்."

அம்மா சொன்னதில் தவறில்லை. காஞ்சிபுரத்தில் எந்த வீட்டிலும் சாமி விளக்கை அணை என்று சொல்ல மாட்டார்கள். குளிர வை என்பார்கள். ஜான்சன் மரியாதை தெரிந்தவர். அட்டைகளை எல்லாம் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினார்: 'போகும்போது குளிர வைக்கவும்.'

தோழர்களே, அந்த மாதம் என்ன நடந்தது? மின்சாரம் ஏறியது! ஏசி புதிதாக ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஆளே இல்லாத கடையில், மூன்று மாடியிலும் ஓடியது! ஜான்சன் மீட்டரைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், பக்கத்துக் கடைக்காரர் கொக்கி போட்டிருக்கிறாரா என்று கூடப் பார்த்தார். கடைசியில் கலைவாணியைக் கேட்டார்.

"போகும்போது இன்னாம்மா பண்றீங்க?"

"போர்டுல போட்டதத்தான் சார் ஃபாலோ பண்றோம். குளிர வெச்சிட்டுப் போறோம். பதினாறுல வெச்சிட்டுத்தான் சார் போறோம். காலைல வந்தா சூப்பரா இருக்குது."

ஜான்சன் அப்படியே புடவை மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்கு விஷயம் தெரிந்து, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அறைக்குள் போனார்கள். நான் பார்த்தேன் அம்மா. இப்போதும் அப்படித்தான் வைத்திருக்கிறீர்கள்.

பிறகு அவர் ஒரே ஒரு சொல்லை எழுதி ஒட்டினார். 'போதும்.' விருந்தில் இலையில் கை வைத்து மறித்துச் சொல்வோமே, அந்தப் 'போதும்.' அபசகுனம் இல்லை, குழப்பம் இல்லை. ஒரே ஒரு இடையூறுதான் வந்தது. புடவை பார்க்கிற பெண்மணிகள் எதிரில் 'போதும்' என்று கண்டு நாலாவது புடவையோடு எழுந்துவிடுகிறார்கள் என்று பூவராகவன் சார் புகார் கொடுத்தார். அந்த ஒரு அட்டையை மட்டும் தூணின் பின்பக்கம் மாற்றினோம்.

வருடம் முடிந்தபோது நம் புகை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி மறுபடியும் சரக்குக் கேட்டது. தறிகள் ஓடுகின்றன. யாரால்? ஜான்சனால்! சத்தமாகச் சொல்லுங்கள், யாரால்?

அப்படிப்பட்டவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் நடந்ததை ஏஞ்சல் அம்மா என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன். சொல்லலாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறேன்.

"ஒரு வாட்டி கண்ண தொறந்தாரு நைனா. மேலயே பாத்துக்கினு இருந்தாரு. ஆண்டவரப் பாக்கறாருன்னு நானு ஜெபம் பண்ண ஆரம்பிச்சேன். அப்பறம் பாத்தா, பட்டப் பகல்ல எரியற டியூப்லைட்ட பாத்துக்கினு இருந்தாரு. போய் நிறுத்திட்டு வந்தேன். அப்பறந்தான் கண்ண மூடினாரு."

வீட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். வந்தவர்கள் எல்லாம் மூடியைத் திறந்து திறந்து மாலை போட்டார்கள். ஏஞ்சல் அம்மா அவ்வளவு அழுகையிலும் எழுந்து வந்து சொன்னார்: "தொறந்து தொறந்து மூடாதீங்கப்பா. குளிர் போயிடும். அவருக்குப் புடிக்காது." அழுதுகொண்டிருந்த வீடு சிரித்தது. சிரித்து முடித்த பிறகு முன்னைவிட அதிகமாக அழுதது.

இப்போது அந்தக் கடைசிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அம்மாவுக்கும் அவருக்கும் சண்டை என் லிஃப்டில்தான் நடந்தது. நடுவில் ஸ்டூலில் நான்.

"எதிர்க் கடை பூரா கண்ணாடி, ஜான்சன். ராத்திரியில அரண்மனை மாதிரி ஜொலிக்குது. நம்ம கடை நெல்லு கோடவுன் மாதிரி நிக்குது."

"மேக்கால வெயிலும்மா. கண்ணாடி போட்டா பட்டு வெளுக்கும், ஜனங்க வேகும், ஏசிய ரெண்டு மடங்கு போடணும். இத்தினி நாளு கொறச்ச புகை பூரா ஒரே கோடையில திரும்பி வந்துடும்."

"எல்லாத்தையும் கொறைச்ச. என் கவுரவத்தையும் கொறைக்கணுமா?"

ஜான்சன் என் பக்கம் திரும்பினார். "நிறுத்து நைனா, நான் எறங்கிக்கறேன்," என்று இரண்டாம் மாடியில் இறங்கிப் படியில் போனார். கதவு மூடியதும் அம்மா என்னைக் கேட்டார்கள்: "கோச்சிக்கினானா சிட்டி?"

"இல்லம்மா. படியில போனா கரண்டு மிச்சம்."

"சரி, திங்கக்கெழமை பேசிக்கலாம்."

அந்தத் திங்கட்கிழமை அவருக்கு வரவில்லை.

அம்மா, நீங்கள் ஏன் அவர் பெயரைக் கண்ணாடியில் எழுத நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். முடியாமல் நின்றுவிட்ட பேச்சு நெஞ்சில் முள் மாதிரி குத்துகிறது. உங்களிடம் இருப்பதிலேயே நீங்கள் அதிகம் ஆசைப்பட்ட பொருளை அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறீர்கள். எவ்வளவு பெரிய மனசு! ஆனால் அம்மா, ஆசை உங்களுடையது, பெயர் அவருடையது. நாளைக்குக் கம்பெனிக்காரர்கள் வந்து, புகை ஏன் ஏறியது என்று கேட்டால் நாம் எதைக் காட்டுவோம்? தங்க எழுத்தில் ஜான்சன் பெயரையா? அவர் பிள்ளைகள் காந்தி ரோட்டில் நடந்து போகும்போது அப்பாவின் பெயரைப் பார்த்துப் பெருமைப்படுவார்களா, கண் கூசி முகத்தைத் திருப்பிக்கொள்வார்களா?

இன்னும் சற்று நேரத்தில் மௌன அஞ்சலிக்காக எழுந்து நிற்பீர்கள். நின்ற இடத்தில் நிற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மேடைக்குப் பின்னால் இருப்பதுதான் அந்த மேற்குச் சுவர். அம்மாவின் தகப்பனார் ஒன்றரைச் செங்கல் கனத்தில் கட்டிய சுவர். இப்போது மணி ஐந்து. ஆனி மாதத்து வெயில் மதியத்திலிருந்து அதன் மேல் அடித்துக்கொண்டிருக்கிறது. வெளியே அதில் அப்பளம் வாட்டலாம். உள்ளே எப்படி இருக்கிறது? ஒவ்வொருவராக வந்து உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அதுவே அஞ்சலியாக இருக்கட்டும்.

ஏசியால் குளிர்ந்திருக்கும் என்று பூவராகவன் சார் சொல்வார். சார், இந்த முதல் மாடியில் இன்று காலையிலிருந்து ஏசி போடவே இல்லை. ஜன்னலும் மின்விசிறியும்தான். கலைவாணியும் நானும் சேர்ந்து செய்த வேலை. இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்களே, ஒருவராவது கேட்டீர்களா?

கை சுட்டால் கண்ணாடிக்காரர் நாளைக்குத் தாராளமாக வரட்டும். நானே லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போகிறேன். சுடவில்லை என்றால், அந்தச் சுவரில் கை வைத்தபடி நாம் சொல்லுவோம்: ஜான்சன் குறைத்ததை நாங்கள் ஏற்ற மாட்டோம். அவர் திறந்த ஜன்னலை மூட மாட்டோம். பட்டறையில் மீதி இருக்கிற விறகையும் அவர் நினைத்தபடியே குறைப்போம். அவருக்காகச் சண்டை போட ஆள் இல்லை என்று யாரும் சொல்ல விட மாட்டோம்.

அம்மா, முதல் கை உங்களுடையதாக இருக்க வேண்டும். எழுந்திருக்கக் கூட வேண்டாம். சுவர் உங்கள் நாற்காலிக்குப் பின்னால்தான் இருக்கிறது. கையை நீட்டுங்கள்.